தட்டு மறக்காது

கம்பத்திலோ சின்னமனூரிலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களிடம் முகூர்த்த மாதங்கள் முடிந்த கையோடு ஒரு வகை வாடிக்கையாளர் வருவார். ஸ்டுடியோக்காரர். கையில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கும். "தம்பி, செருகினா லைட் எரியுது, டக் டக்-னு சத்தம் வருது, ஓப்பன் ஆக மாட்டேங்குது. பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பம் கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா." விவரம் தெரிந்த கடைக்காரராக இருந்தால் டிஸ்க்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்பார்: "சத்தம் வந்ததுக்கு அப்புறம் எத்தனை தடவைண்ணே செருகிப் பாத்தீங்க?"

வந்தவருக்கு அது சாதாரண விசாரிப்பாகத்தான் படும். ஆனால் படங்கள் திரும்பி வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. ஒரு தடவை என்றால் நல்ல நம்பிக்கை உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர், மச்சான் லேப்டாப், கடைசியில் டி.வி. என்று ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிச் செருகியிருந்தால் நம்பிக்கை அந்த அளவுக்குக் குறைந்துபோயிருக்கும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, ஹார்ட் டிஸ்க் எதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதன் நினைவு காந்தத்தில் இருக்கிறது. அதனால் பொட்டிபுரத்திலிருந்து தொடங்கலாம். போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது நியூட்ரினோ திட்டத்தால். மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, செம்புச் சுருள்களில் மின்சாரம் பாய்ச்சி அவ்வளவு இரும்பையும் காந்தமாக்கி, நியூட்ரினோ மோதலில் பிறக்கும் மியூவான் துகள்கள் அதனூடே எப்படி வளைகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் சேர்ந்து அது நின்றுபோயிருக்கிறது. 85 டன் எடையில் ஒரு சிறுமாதிரி மட்டும் மதுரையில் கட்டப்பட்டது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். நமக்கு இங்கே வேண்டியது அந்த இரும்பின் குணம். அது மென்காந்தப் பொருள். சுலபமாகக் காந்தமாகும், சுலபமாகத் திசை மாறும். புலம் நிலைத்திருக்க வேண்டுமானால் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கின் தட்டில் பூசியிருப்பது இதற்கு நேரெதிரான வன்காந்தப் பொருள். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வழவழப்பான தட்டு. அதன்மேல் கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த ஒரு படலம். படலத்தின் கனமே சில பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்தப் படலம் ஏறத்தாழ எட்டு நானோமீட்டர் அளவுள்ள பொடி மணிகளால் ஆனது. சில மணிகள் சேர்ந்து மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ காந்தமாகி நின்றால் அதுதான் ஒரு பிட். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இப்படி 8 லட்சம் கோடி பிட்டுகள். அவற்றைத் திருப்புவது கடினம். திருப்பிவிட்டால் எந்த மின்சாரமும் இல்லாமல், பீரோவில் கிடந்தாலும், ஆண்டுக்கணக்கில் அதே திசையில் நிற்கும். பத்தாண்டுகளுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் மணிகளின் அளவையே முடிவு செய்கிறார்கள். அதைவிடச் சிறிதாக்கினால் அறையின் வெப்பமே அவற்றைப் புரட்டிவிடும்.

ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலான நேரங்களில் இந்தக் காந்த மணிகளுக்கு எதுவும் ஆகியிருக்காது. கல்யாணப் படம் முழுதும் தட்டில் அப்படியே இருக்கும். செத்தது அதை வாசிக்கும் உறுப்பு.

அந்த உறுப்பின் பெயர் ஹெட். அலுமினியக் கையின் நுனியில் கடுகளவுகூட இல்லாத ஒரு துண்டு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, வினாடிக்கு 120. மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் ஹெட்டுக்கு அடியில் ஓடுகிறது. ஓடும் தட்டு தன்னோடு இழுத்துவரும் காற்றுப் படலத்தின் மேல் ஹெட் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். பீடிப் புகையின் துகள் ஒன்று சில நூறு நானோமீட்டர் இருக்கும் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி, "என்னதான் ஆச்சுன்னு பாப்போம்" என்று எட்டிப் பார்க்கிற அந்தச் சில நிமிடத்தில் தட்டின்மேல் இறங்கும் தூசி ஒவ்வொன்றும் ஹெட்டுக்கு மலை. டேட்டா ரெக்கவரி ஆய்வகங்கள் டிஸ்க்கைத் திறக்கும் தூய அறையில் ஒரு கன அடிக் காற்றுக்கு அரை மைக்ரான் அளவுள்ள துகள்கள் நூறைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான தரம். நம் வீட்டு அறைக் காற்றில் அது லட்சக்கணக்கில் இருக்கும்.

மிதப்பதற்குக் காற்று வேண்டும் என்பதால் ஹார்ட் டிஸ்க்குக்கு உயர வரம்பும் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் சுமார் 3,000 மீட்டருக்கு மேல் இயக்க வேண்டாம் என்கின்றன. அங்கே காற்று அடர்த்தி குறைந்து ஹெட் தாழப் பறக்கும். மேகமலைத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் இதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். மேகமலை சுமார் 1,500 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். சின்னமனூரிலிருந்து மலை ஏறும்போது வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளேயும் சமமாக வேண்டுமே என்பதற்காக டிஸ்க்கின் மூடியில் வடிகட்டியுடன் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டும் இருக்கும். அதன்மேல்தான் கேரண்டி ஸ்டிக்கரையும் விலைச் சீட்டையும் ஒட்டிவைக்கிறார்கள். (2013 முதல் வரும் ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்க்குகளில் இந்தத் துளை கிடையாது, அவை முழுக்க மூடப்பட்டவை.) மேகமலையில் கவலைப்பட வேண்டியது ஈரத்துக்காக. பனிமூட்டத்தில் குளிர்ந்துபோன டிஸ்க்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே இயக்கக்கூடாது. வெளியிலும் உள்ளேயும் ஈரம் படிந்திருக்கும்.

இப்போது அந்த 'டக்'. தட்டில் நம் தகவலோடு, தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட வழிக்குறிகளும் உண்டு. ஹெட் எந்தத் தடத்தின்மேல் நிற்கிறது என்பதை அது அவற்றைப் பார்த்துத்தான் அறியும். டிஸ்க் தன்னைத் தானே இயக்கிக்கொள்ளத் தேவையான நிரலின் பெரும்பகுதியும் தட்டின் ஒரு தனி வட்டாரத்தில்தான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் ஹெட் அங்கே போய் அதைப் படித்தாக வேண்டும். ஹெட் பழுதாகியிருந்தால் குறி எதுவும் தெரிவதில்லை. கை ஒரு வீச்சு வீசித் தேடுகிறது, தெரியவில்லை, ஓய்விடத்துக்குத் திரும்புகிறது, மறுபடி வீசுகிறது. நம் காதில் விழுவது அந்தத் திரும்பல்தான். கம்ப்யூட்டரில் டிஸ்க்கின் பெயர் ஏதோ குறியீடாகவோ கொள்ளளவு பூச்சியமாகவோ தெரிகிறதென்றால் காரணம் இதே.

ஒவ்வொரு வீச்சிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஹெட் வெறுமனே பலவீனமாகியிருந்தால் பரவாயில்லை. கீழே விழுந்த டிஸ்க்காக இருந்தால் ஹெட் வளைந்தோ பிய்ந்தோ தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். வினாடிக்கு 120 சுற்று. ஐந்தே நிமிடம் ஓடவிட்டால் ஒரே இடத்தில் 36,000 தடவை உரசல். ஆய்வகத்தில் இப்படிப்பட்ட டிஸ்க்கைத் திறந்தால் கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தட்டில் வளையம் வளையமாகக் கோடு தெரியும். காந்தப் படலம் உரிந்து, அடியில் இருக்கும் அலுமினியமோ கண்ணாடியோ வெளுத்துத் தெரியும். ஓரத்து வடிகட்டியில் கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள்தான் படங்கள். உலகில் எந்த ஆய்வகமும் அதைத் திரும்ப ஒட்டிவைக்க முடியாது.

சத்தமே வராத, மெதுவாகச் சாகும் டிஸ்க்குகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது சர்வீஸ் கடைக்காரர்களின் அனுபவம். ஃபோல்டர் திறக்க நேரமாகும். காப்பி செய்தால் 63 சதவீதத்தில் நின்றுவிடும். இங்கே நடப்பது வேறு. ஹெட் எப்போதுமே எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை. அதற்குக் கிடைப்பது இரைச்சல் கலந்த ஏற்ற இறக்கமான ஒரு மின் அலை. அந்த அலையைத் தரக்கூடிய பிட் வரிசைகளில் எதற்கு நிகழ்தகவு அதிகமோ அதைத்தான் டிஸ்க்கில் உள்ள சிப் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு அடிப்படை 1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி வெளியிட்ட வழிமுறை. தட்டில் தகவல் செக்டார் என்ற சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. தேர்வில் வரும் தவறுகளைத் திருத்த ஒவ்வொரு செக்டாரின் வாலிலும் கூடுதல் பைட்டுகள் எழுதப்பட்டிருக்கும். 4,096 பைட் கொண்ட செக்டாருக்கு இது சுமார் நூறு பைட். நல்ல டிஸ்க்கிலும் இந்தத் திருத்தம் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. திருத்த முடியாத அளவுக்குத் தவறு மிகும்போது டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, ஹெட்டை இம்மியளவு தள்ளிவைத்து வாசிக்கிறது, பல வினாடி போராடிவிட்டுக் கடைசியில் முடியவில்லை என்கிறது. விண்டோஸ் விடுவதில்லை, மறுபடி கேட்கிறது. படங்களின் சிறுவடிவத்தைக் காட்டுவதற்காக ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு படத்தையும் தொடுகிறது. ஆன்டிவைரஸ் தன் பங்குக்கு எல்லா ஃபைலையும் ஒருமுறை புரட்டுகிறது. சாகக் கிடக்கும் ஹெட்டின் மிச்ச ஆயுள் இப்படி நமக்குத் தேவையே இல்லாத வேலைகளில் கரைகிறது.

இதைவிட மோசமானது, டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும்போது ஆம் என்று அழுத்துவது. அப்போது ஓடும் நிரல், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபைல் அட்டவணையின் முரண்பாடுகளைச் சரிசெய்யப் பிறந்தது. சாகும் டிஸ்க்கைக் காப்பாற்ற அல்ல. வாசிக்க முடியாத அட்டவணைப் பகுதிகளை இல்லாதவையாக எடுத்துக்கொண்டு, அதே நோய்ப்பட்ட தட்டின்மேல் எழுதித் தள்ளிவிடும். நாளைக்கு ஆய்வகத்தில் வாசித்திருக்கக்கூடிய அட்டவணை அதோடு போகும்.

ஆகவே டேட்டா ரெக்கவரியின் முதல் விதி, பழுதான டிஸ்க்கில் எதையும் சரிசெய்யப் பார்க்காதே என்பது. முதலில் முழு நகல் எடு. ஆராய்ச்சி, பழுதுநீக்கம் எல்லாவற்றையும் நகலில் வைத்துக்கொள். இங்கே நகல் என்றால் ஃபைல்களைக் காப்பி செய்வது அன்று. எது ஃபைல், எது வெற்றிடம் என்று பார்க்காமல் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை இன்னொரு நல்ல டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுப்பது. இதற்கென்றே அன்டோனியோ டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் லினக்ஸில் இருக்கிறது. அதன் சிறப்பெல்லாம் எந்த வரிசையில் வாசிக்கிறது என்பதில்தான். கம்பத்தில் பழுத்த பன்னீர் திராட்சைத் தோட்டத்தின்மேல் மழை மேகம் திரண்டுவிட்டால் முழுக்குலைகளை முதலில் அறுத்துக் கூடையில் போட்டுவிட்டு, அழுகல் கலந்த குலைகளைப் பிறகுதான் தொடுவார்கள். டிடிரெஸ்க்யூ அதையே செய்கிறது. வாசிக்க முடியாத இடம் வந்ததும் அங்கே மல்லுக்கட்டாமல் தாண்டிக் குதிக்கிறது. வேகமாகவும் தடையில்லாமலும் வாசிக்க முடிகிற பரப்பு முழுவதையும் முதலில் அள்ளிவிடுகிறது. அடுத்த சுற்றில் எதிர்த்திசையிலிருந்து வந்து தாண்டிய இடங்களின் ஓரங்களை நெருக்குகிறது. கடைசியில்தான் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டுகிறது. எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருமுறை வாசித்த இடத்தை இரண்டாம் முறை தொட வேண்டியதில்லை. அந்த ஒரு சிக்கனத்துக்காகவே இந்த நிரலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ரஷ்யாவின் ஏஸ் லேப் நிறுவனம் செய்யும் பிசி-3000 போன்ற கருவிகள் டிஸ்க்கின் உள்நிரலோடு நேரடியாகப் பேசும். நான்கு ஹெட்டில் ஒன்று செத்திருந்தால் அதைத் தொடாமல் மற்ற மூன்றின் தட்டுப் பக்கங்களை மட்டும் முழுக்க நகலெடுத்துவிட்டு, பிறகு தூய அறையில் அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட் தொகுதியைக் கழற்றி இதில் பொருத்துவார்கள். பொருத்திய ஹெட்டும் நெடுநாள் நிலைக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டும் தட்டும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று நுணுக்கமாகச் சரிசெய்யப்பட்டவை. இரவல் ஹெட் அந்தப் பொருத்தத்துக்கு அருகில் மட்டுமே வரும். அந்தக் குறுகிய ஆயுளில் எதை முதலில் எடுப்பது என்று உரிமையாளரைக் கேட்பார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவரின் டிஸ்க்கில் 500 ஜி.பி. சினிமா இருக்கலாம், அவர் பிழைப்பு சில நூறு எம்.பி. டேலி ஃபோல்டரில் இருக்கிறது. இதை எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தேனிப் பக்கத்திலிருந்து டிஸ்க்கை மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புகிறவர்கள் பெட்டிக்குள் கஞ்சத்தனமில்லாமல் பஞ்சு வைப்பதோடு, வேண்டிய ஃபோல்டர்களின் பெயரையும் விழுந்ததா, நனைந்ததா, தானாக நின்றதா என்ற உண்மையையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

நகல் கையில் வந்தபின் ஃபைல் அட்டவணை சிதைந்திருந்தால் வேறு வழி இருக்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பதினாறடிமான எண்களில் தொடங்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் அட்டவணையைக் கண்டுகொள்ளாமல் தட்டின் நகல் முழுவதையும் அலசி, இப்படிப்பட்ட தொடக்கங்களைப் பிடித்துப் படங்களை வெட்டியெடுக்கும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களாக வரும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் இந்த முறையில் பெரும்பாலும் முழுதாக வருவதில்லை.

மின்சாரத்தால் போகும் டிஸ்க்குகள் தனி இனம். ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாய் வழியே பள்ளத்தாக்குக்குள் காற்று இறங்கும்போது கரண்ட் போவதும் வருவதும் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. திடீரென்று கரண்ட் போனால் ஹெட் தட்டில் விழுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சுழலும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே மோட்டாரை ஜெனரேட்டராக்கி, அந்த மின்சாரத்தில் கையை ஓய்விடத்துக்கு இழுத்துவிடுமாறு டிஸ்க்குகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அற்புதமான ஏற்பாடு இது. கெடுவது அந்த நொடியில் பாதி எழுதிய ஃபைல் அட்டவணை. ஒரு சாதாரண யூபிஎஸ் இதைத் தடுக்கும். இன்னொன்று, 12 வோல்ட் டிஸ்க்கில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுவது; முனை பல நேரம் பொருந்திவிடுகிறது. அப்போது டிஸ்க்கின் பச்சை மின்சுற்றுப் பலகையில் உள்ள ஒரு சின்ன டயோடு தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். டிஸ்க் அசையாது; தட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதே மாடலிலிருந்து பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்று பழைய கைகள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இப்போதைய டிஸ்க்குகளில் ஹெட்டுக்கான அளவுகள் பலகையில் உள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பழைய பலகையிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும். பழுதான டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைக்கும் வைத்தியத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் பனிக்கும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி போதும்.

தட்டு எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதுவரை கிடைத்த மிகக் கடுமையான சாட்சி 2003 பிப்ரவரி 1 அன்று வானத்திலிருந்து விழுந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு பூமிக்குத் திரும்பிய கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்கு மேல், சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. ஏழு பேரும் மறைந்தனர். அவர்கள் விண்வெளியில் நடத்திய சோதனைகளில் ஒன்று, வாயுவும் திரவமும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாகும் நிலையில் செனான் எவ்வளவு பாகாக இருக்கிறது என்று அளப்பது. பூமியில் அதன் சொந்த எடையே அதை அடியில் நசுக்கிவிடும் என்பதால் எடையற்ற இடத்தில்தான் இதைச் சரியாக அளக்க முடியும். அளவுகளில் ஒரு பகுதி வானொலி வழியே பூமிக்கு வந்துவிட்டது. மீதி ஒரு ஜி.பி.யில் பாதிகூட இல்லாத ஒரு சீகேட் டிஸ்க்கில் இருந்தது.

சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த சிதிலங்களுக்கிடையே அந்த டிஸ்க் அகப்பட்டது. பார்ப்பதற்கு உருகிக் கருகிய உலோகக் கட்டி. அது மினசோட்டாவில் உள்ள கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸின் மேசைக்குப் போனது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் உருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. பலகையின் சிப்புகள் தீய்ந்திருந்தன. தட்டுகளில் ஆங்காங்கே மண்ணால் குழிகள். ஆனால் தட்டுகள் நெளியவில்லை. அவற்றைக் கழற்றி, ரசாயனக் கரைசலில் கழுவி, வேறொரு நல்ல டிஸ்க்கின் உடலில் பொருத்தி வாசித்தபோது 99 சதவீதம் திரும்பி வந்தது. அதே ஓடத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அவற்றில் வெப்பம் காந்தப் படலத்தையே அழித்துவிட்டிருந்தது. இந்த ஒன்றில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அதில் ஓடிய பழைய டாஸ் தகவலைச் சிதறவிடாமல் ஒரே பக்கமாக எழுதியிருந்தது. குழிகள் பெரும்பாலும் வெற்றிடத்தில் விழுந்திருந்தன. செனானைக் கலக்கினால் அதன் பாகுத்தன்மை குறைகிறது என்ற முடிவை அந்தச் சோதனையின் ஆய்வாளர் ராபர்ட் பெர்க் குழுவினர் 2008-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இ இதழில் வெளியிட்டனர். உயிர் போன ஏழு பேரின் உழைப்பில் ஒரு பகுதி ஐந்து ஆண்டு கழித்து அறிவியலாக வந்து சேர்ந்தது என்பதை எப்போது படித்தாலும் நெஞ்சு கனக்கிறது.

இவ்வளவு தாங்கும் தட்டு ஒன்றே ஒன்றைத் தாங்காது: அதன்மேல் வேறொன்றை எழுதுவது. ஃபைலை அழித்தால் அட்டவணையில் அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். பிட்டுகள் அங்கேயே இருக்கும். அந்த இடத்தில் புதிதாக எழுதப்பட்டால்தான் பழையது போகும். போனால், இன்றைய அடர்த்தியான டிஸ்க்குகளில் அதை மீட்க வழி கிடையாது. சிசிடிவி பெட்டிகள் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே இருப்பவை என்பதால் இந்த வேறுபாடு நீதியையே பாதிக்கும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாளில் இறந்தனர். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட், நிலையத்தின் சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும், அந்த ஜூன் 19-ஆம் தேதிப் பதிவு இல்லாததையும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு எழுதினார். எந்த ஊரிலும், எந்தச் சம்பவத்திலும், சிசிடிவி பதிவு சாட்சியாக வேண்டும் என்று தோன்றிய நிமிடமே அந்தப் பெட்டி மேற்கொண்டு எழுதுவதை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, எழுத முடியாதபடி தடுக்கும் கருவியோடு இணைத்துத்தான் நகல் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் நகலின் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும்.

தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்துவிட்டதே, இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எஸ்எஸ்டியில் ஹெட்டும் இல்லை, சத்தமும் இல்லை, முன்னறிவிப்பும் பெரும்பாலும் இல்லை. அழித்த ஃபைலின் இடத்தை அதுவே பின்னணியில் துடைத்துச் சுத்தம் செய்துவிடும் என்பதால் தவறி அழித்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைவிட மிகக் கடினம். வேகத்துக்கு எஸ்எஸ்டி, நெடுநாள் சேமிப்புக்கு மலிவான ஹார்ட் டிஸ்க் இரண்டு. என் தீர்ப்பு இதுதான்.

முன்னறிவிப்பைப் பற்றி ஒரு ஆய்வு சொல்வதைக் கவனிக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் பின்ஹேரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-இல் வெளியிட்டது அது. தட்டுப் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதேசமயம் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் எதையும் காட்டாமலே போயின. அறிகுறி தெரிந்தால் நம்பிவிடலாம். தெரியாததை நம்பி இருக்க முடியாது.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவை வருஷா வருஷம் படம் பிடித்து வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. இப்போது உயிரோடு இல்லாத பெரியவர்கள் பேசிச் சிரித்த கல்யாண வீடியோக்கள் பீரோக்களில் இருக்கின்றன. அவற்றில் பல ஒரே ஒரு டிஸ்க்கில், ஒரே ஒரு பிரதியாக. அந்த டிஸ்க் உங்களுடையதானால் ஒரு வேண்டுகோள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை இறக்கி, டிஸ்க்கை ஒரே ஒருமுறை செருகிப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண்கள் எல்லாம் பூச்சியமாக இருந்தால் அன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஒன்றாவது பூச்சியத்தைத் தாண்டியிருந்தால் ஃபோல்டரைத் திறந்து பார்க்காமல் கழற்றிவிட்டு, முழு நகல் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். அப்படியே கழற்றி, நேராக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.